விருந்தாளிக்கு ஒரு கேள்வி

வியாழக்கிழமையிலிருந்து தேனம்மை வீட்டில் பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணவருக்கு வயது எழுபத்து மூன்று. பாடம், யார் யாருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்பது.

"பாண்டியராஜனுக்கு?"

"மட்டன் சுக்கா. கொழுப்பு இல்லாம. கூட முட்டைத் தோசை."

"மாரீஸ்வரிக்கு?"

தேனம்மையின் கணவர் அழகுசுந்தரம் காபி டம்ளரைப் பார்த்தார். பதில் அதற்குள்தான் கிடக்கிறது என்பதுபோல் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அது யாரு?"

"பாண்டியராஜன் வீட்டுக்காரம்மா. பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருந்தாகள்ல."

"ஆமாமா. பரோட்டா. சால்னா தனியா வரணும். மேல ஊத்திக் கொண்டாந்தா முகத்தைத் தூக்கி வச்சுக்கும்."

தேனம்மைக்கு மூச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வரைக்கும் இது நிற்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் மறந்து போனாலும் அவளுக்கு அக்கறையில்லை.

காரைக்குடியில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. கோயிலுக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, காலையில் நடப்பதற்குக்கூட ஒன்று. சாப்பிடுவதற்கென்றே ஒரு சங்கம் வைத்தவர் அழகுசுந்தரம்தான். பெயிண்ட் கடை நடத்திய காலத்தில் நாலைந்து சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. ஞாயிற்றுப் பந்தி என்று பெயர். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் குடும்பத்தோடு ஏதாவதொரு ஹோட்டலில் கூடுவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று யாரும் கிடையாது. அதனாலேயே சண்டையும் கிடையாது.

இருந்ததெல்லாம் ஒரு வழக்கம்தான். மாதம் ஒருவர் முறை வைத்துப் பந்திக்காரர் ஆவார். எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று அவர்தான் சொல்லுவார், மற்றவர்கள் மெனுவைத் தொடக்கூடாது. பந்திக்காரர் எழுந்து ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் போய் நின்று, அதில் இருக்கிறவருக்கு இன்னது என்று சப்ளையரிடம் சொல்ல வேண்டும். சொன்னது சரியோ தப்போ, வந்ததை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாக வேண்டும். யாராவது விருந்தாளியைக் கூட்டி வந்தால் மட்டும், பந்திக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். கடைசியாக எதை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்? அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் ஒரு முடிவுக்கு வருவார்.

அடுத்தவர் நாக்கைத் தெரிந்து வைத்திருப்பதுதான் சிநேகிதம் என்பது அழகுசுந்தரத்தின் கட்சி. யாருக்கு உப்புக் குறைவாக வேண்டும், யார் கறிவேப்பிலையை ஒதுக்குவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான், கெண்டை மீன். வாடை பிடிக்காது என்பார். சாப்பாட்டுக்கென்று சங்கம் வைத்த மனுஷனுக்குக் கண்மாய் மீன் வாடை ஆகாதாம் என்று தேனம்மை பந்திக்குப் பந்தி அவரைக் கிண்டல் செய்வாள். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அந்த மனுஷனுக்குத்தான் மறதி வந்தது. மதுரை டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். மாத்திரை போட்டால் மெதுவாகப் போகும், நிற்காது என்றார். சென்னையில் இருக்கிற மகளைத் தவிர வேறு யாரிடமும் தேனம்மை மூச்சு விடவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். தேவகோட்டை மீனாட்சிசுந்தரம் வாத்தியார் பந்தியின் பழைய ஆள். பக்கவாதம் வந்து கை நடுங்க ஆரம்பித்ததும், பாவம் அவரைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று ஒரு மாதம் கூப்பிடாமல் விட்டார்கள். அடுத்த மாதமும் விட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை. வாத்தியார் இப்போது டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடை போய், வண்டி ஓட்டுவது போய், பேப்பர் படிப்பதும் போய், அழகுசுந்தரத்துக்கு மிச்சம் இருப்பது இந்த மேசை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவர் வெறும் நோயாளி. 

இதற்கு நடுவில் வள்ளியப்பன் வேறு செத்துப்போனார். பந்தியை அழகுசுந்தரத்தோடு சேர்ந்து தொடங்கியவர். தூங்கப் போனவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அழகுசுந்தரம் போய் மாலை போட்டு, மயானம் வரை நடந்து, கூட நின்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் காலையில், வள்ளிக்குப் போனைப் போடு என்றார். தேனம்மை விஷயத்தைச் சொன்னாள். புதிதாகக் கேட்பவர்போல் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் அழுதார். அதற்குப் பிறகு அவர் கேட்டால், பள்ளத்தூர் போயிருக்காக என்று சொல்லிவிடுவாள். ஒரே மனுஷனை எத்தனை தடவைதான் சாகடிப்பது?

வள்ளியப்பன் போனதிலிருந்து பந்தி நடக்கவில்லை. அவர் மனைவி கண்ணம்மைதான் போன வாரம் போன் செய்தாள்.

"ஆச்சி, அவுக போயி ஏழு மாசமாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு எல்லாரும் என்னைக் கண்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவீக? இந்த ஞாயித்துக்கிழமை பந்தி போடுங்க. இது அண்ணன் முறைதானே. அண்ணன் வாயால சொல்லி ஒரு வேளை சாப்பிடணும் போல இருக்கு."

இப்படிக் கேட்கிறவளிடம் எப்படி மாட்டேன் என்பது? அப்போது தொடங்கியதுதான் பாடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வள்ளியப்பன் செத்ததைச் சொல்லிவிடலாமா என்று தேனம்மை யோசித்தாள். சொன்னால் சாயந்தரம் வரை அழுவார், படித்த பாடமெல்லாம் கரைந்துவிடும். வராத ஆளைப் பற்றி அங்கே என்ன பேச்சு வரப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

காலேஜ் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஹோட்டலில் பாண்டியராஜன் இடம் சொல்லி வைத்திருந்தார். கெமிஸ்ட்ரி புரொபசராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறவர். மாரீஸ்வரி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் கண்ணம்மை. நீலச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அறுவர் உட்காரும் மேசை அது, வந்திருந்தது ஐந்து பேர்.

"வாங்கண்ணே, எப்டி இருக்கீக?" என்றார் பாண்டியராஜன்.

"எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். நீதான் இளைச்சுப் போன."

நல்ல பதில். தேனம்மை உள்ளுக்குள் ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டாள். கண்ணம்மை எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.  எல்லோரும் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் ரோடு போடுவதைப் பற்றியும் பேசினார்கள். காலி நாற்காலியின் பக்கம் யார் கண்ணும் போகவில்லை.

சப்ளையர் வந்தார். அழகுசுந்தரம் எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு பாண்டியராஜனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அதன் முதுகில் கையை வைத்தார்.

"புரொபசருக்கு மட்டன் சுக்கா. கொழுப்பு இருக்கப்படாது, அவருகிட்டயே நெறைய இருக்கு. முட்டைத் தோசை ஒண்ணு."

பாண்டியராஜன் வாய்விட்டுச் சிரித்தார். தேனம்மை மடியில் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மாரீஸ்வரிக்குப் பரோட்டா. சால்னா தனியா. மேல ஊத்திக் கொண்டாந்தே, உனக்கு ஊசி போட்ரும்."

அடுத்தது கண்ணம்மை. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்ததும் அவர் குரல் தணிந்தது. "கண்ணம்மைக்கு வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல். அதுக்கு முன்னால சூடா ஒரு கோழி ரசம். குரல் கட்டியிருக்கு பாரு."

பணியாரமும் துவையலும் பாடத்தில் இருந்தன. கோழி ரசம் இல்லை. அது அவரே கவனித்துச் சொன்னது.  என் மனுஷன் இன்னும் இருக்கிறார், முழுசாக இருக்கிறார் என்று அந்த ஹோட்டல் முழுக்கக் கேட்கும்படி தேனம்மைக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

அவர் ஓரடி நகர்ந்து காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அதன் முதுகில் கையை வைத்தார்.

"வள்ளியப்பனுக்கு இடியாப்பம், நண்டு மசாலா. நண்டை உடைக்காமக் கொண்டா. அவனே கடிச்சு உடைச்சாத்தான் அவனுக்குத் திருப்தி. இலையைப் போட்டு வையி, எப்பவும் போல லேட்டாத்தான் வருவான்."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. மாரீஸ்வரி மட்டும் ஒரு தடவை அழகுசுந்தரத்தின் கண்களை உற்றுப் பார்த்தாள், பிறகு தேனம்மையைப் பார்த்தாள். அத்தனை வருஷம் வார்டில் நின்றவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேனம்மைக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் நல்லது என்றிருந்தது. செத்தவரை ஏழு மாதம் பள்ளத்தூரில் உயிரோடு வைத்திருந்தது அவள்தான். இப்போது அவருடைய பெண்டாட்டி முன்னாலேயே அவருக்கு இலை போடச் சொல்லியாகிவிட்டது.

"அவுக வந்ததும் சொல்லிக்கலாமே சார், ஆறிப்போகும்ல?" என்றார் சப்ளையர், ஒன்றும் அறியாமல்.

கண்ணம்மை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போடுங்க தம்பி. பந்திக்காரர் சொன்னா சொன்னதுதான்."

காலி நாற்காலிக்கு முன்னால் இலை விழுந்தது. கண்ணம்மை தானே தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து தேனம்மையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இத்தனை நாளாக இதைத் தனியாகவா சுமந்தாய் என்று கேட்பதுபோல் இருந்தது. தேனம்மை லேசாகத் தலையை ஆட்டினாள். சரி, தெரிந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அழகுசுந்தரம் அவள் நாற்காலிக்கு வந்தார்.

பின்னால் அவர் கை நாற்காலியின் முதுகில் பட்டது.  தேனம்மை காத்திருந்தாள். அந்தக் கை எடுபட்டது. அவர் பக்கவாட்டில் வந்து நின்று, கொஞ்சம் குனிந்து, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வாங்க ஆச்சி. கண்ணம்மை கூட வந்திருக்கீகளா? ரொம்ப சந்தோசம். எங்க பந்தியில விருந்தாளிகிட்ட ஒரு கேள்வி கேக்குறது வழக்கம். தப்பா நினைக்கப்படாது. கடைசியா எதை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீக?"

நாலு நாள் பாடத்தில் பாண்டியராஜனைச் சொல்லிக் கொடுத்தாள், மாரீஸ்வரியை, கண்ணம்மையைச் சொல்லிக் கொடுத்தாள். தன்னைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண்டாட்டியை யாராவது புருஷனுக்குப் பாடம் வைப்பார்களா?

"அண்ணே, இது நம்ம..." என்று பாண்டியராஜன் ஆரம்பித்தார். மாரீஸ்வரி அவர் கையை அழுத்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

நான்தான் தேனு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரிந்துகொள்வார். தெரிந்ததும் அவர் முகம் எப்படி ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். மகள் பெயர் ஒருநாள் வாயில் வராமல் போனபோது பார்த்திருக்கிறாள். திருடிவிட்டு அகப்பட்ட பிள்ளையின் முகம் அது. இந்த மேசைக்கு முன்னால், இத்தனை பேர் நடுவில், அந்த முகத்தோடு அவர் நிற்கக்கூடாது. நெஞ்சு கிடந்து வலித்தது. வலித்துக்கொண்டே அவள் விருந்தாளியாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கெண்டை மீன் வறுவலுங்க" என்றாள்.

அழகுசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. "அட! எங்க வீட்டுக்காரிக்கும் அதேதான் ஆச்சி. ஆனா நான் முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான் திம்பா. கல்யாணம் ஆன புதுசு. அப்ப நெற்குப்பையில இருந்தோம். முள்ளு தொண்டையில குத்திக்கிருச்சு. ரத்தமாத் துப்புறா. காரு கிடைக்கல. பால் வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு சிங்கம்புணரி ஆஸ்பத்திரிக்கு ஓடுறேன். என் சட்டையைப் பிடிச்ச பிடியை விடல அவ."

அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தேனம்மையே எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஆனால் அவர் நிறுத்தவில்லை. புதியவளிடம் மனம் விட்டுச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு நான் பயந்த மாதிரி என் ஆயுசுல பயந்ததில்ல. வண்டியில நின்னுக்கிட்டே குன்றக்குடி இருக்குற திக்கைப் பார்த்துச் சொன்னேன். முருகா, இவளை எங்கிட்டயே குடுத்துரு, இந்த மீனை நான் இனிமே தொடமாட்டேன்னு. எனக்குக் கெண்டைன்னா உசுரு ஆச்சி. அன்னையோட விட்டுட்டேன். வாடை ஆகாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். உண்மையைச் சொன்னா அவளும் திங்க மாட்டாள்ல?"

தேனம்மை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை பந்தியில் அவரைக் கிண்டல் செய்திருக்கிறாள்! அத்தனை பந்தியிலும் அவர் மீனில் முள் எடுத்துச் சதையை இவள் இலையில் போட்டுவிட்டு, விரலைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். புருஷனாக இருந்தவரைக்கும் சொல்லாததை, யாரோ என்று நினைத்ததால் சொல்கிறார்.

"கெண்டை இருக்கு சார்" என்றார் சப்ளையர்.

"இவுகளுக்கு ரெண்டு துண்டு. வாலுப் பக்கம் வேணாம். எனக்கு ரெண்டு இட்லி போதும்." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நம்ம வீட்டுக்காரிய இன்னும் காணோம். அவ வந்ததும் அவளுக்கும் இதையே சொல்லிக்கிறேன்."

சாப்பாடு வந்தது. அழகுசுந்தரம் தன் இட்லியைத் தொடவில்லை. தேனம்மையின் மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "விருந்தாளி முள்ளோட போராடக் கூடாது ஆச்சி" என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலால் மீனைப் பிளந்து தடவிப் பார்த்து, மயிரிழை முள்ளைக்கூட விடாமல் எடுத்து ஓரத்தில் வைத்தார். வேறு எதை மறந்தாலும் அந்த விரல் மறக்கவில்லை. சதையை மட்டும் அவள் இலையில் வைத்தார்.

"இப்பச் சாப்பிடுங்க. முள்ளு இல்ல."

அவள் சாப்பிட்டாள். 

எதிர் இலையில் நண்டு வந்து உட்கார்ந்தது. "வள்ளி இன்னும் வரலியா?" என்றார் அழகுசுந்தரம்.

"அவுக வர நேரமாகும் அண்ணே. நம்மளைச் சாப்பிடச் சொல்லிட்டாக" என்றாள் கண்ணம்மை. அந்த இலையைத் தன் பக்கம் நகர்த்தி, ஒரு நண்டுக் காலை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். வள்ளியப்பன் உடைக்கிற அதே சத்தம். அவள் நண்டு தின்று அந்த மேசையில் யாரும் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, முகம் சுளிக்காமல் முழுவதையும் சாப்பிட்டாள்.

கை கழுவுகிற இடத்தில் மூன்று பேரும் தேனம்மையைச் சூழ்ந்துகொண்டார்கள். அழகுசுந்தரம் மேசையில் உட்கார்ந்து, சப்ளையரிடம் அவருடைய சொந்த ஊரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா ஆச்சி?" என்றாள் மாரீஸ்வரி.

"ஒரு வருஷமாச்சு. நாலு நாளா உங்களுக்கெல்லாம் என்ன பிடிக்கும்னு சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன்." கண்ணம்மையின் பக்கம் திரும்பினாள். "கண்ணம்மை, வள்ளியப்பன் அண்ணன் போனதை அவுகளுக்கு நான் சொல்றதில்ல. சொன்னா ஒவ்வொரு நாளும் புதுசா அழுகுறாக. என்னை மன்னிச்சிரு."

"எதுக்கு மன்னிக்கணும்? எங்க அய்த்தான் உசுரோட இருக்குற இடம்னு ஒண்ணாவது இருக்கே. இருக்கட்டும் ஆச்சி."

பாண்டியராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வர்ற மாசமும் அண்ணன்தான் பந்திக்காரரு. அதுக்கடுத்த மாசமும் அவருதான். இனிமே நீங்க பாடமெல்லாம் நடத்தாதீக. அவரு வாயில என்ன வருதோ அதைச் சாப்பிடுவோம். நம்ம வழக்கமே அதானே?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "தேவகோட்டைக்கு நானே வண்டி எடுத்துட்டுப் போயி வாத்தியாரையும் கூட்டிட்டு வாரேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவள் பயந்தது நடக்கவில்லை. மேசை அவருக்கு இருக்கிறது. அந்த மேசையில் அவர் எல்லோரையும் தெரிந்து வைத்திருந்தார், அவளை மட்டும்தான் தவற விட்டுவிட்டார். சந்தோஷப்படுவதா, உடைந்துபோவதா என்று தேனம்மைக்குத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

இருவரும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். தன்னை இப்போது யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், வீட்டு வாசலில் இறங்கியதும் என்ன கேட்பார் என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள். ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றது. ரயில் போகிற வரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"தேனு, எங்க போயிட்ட நீயி? ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். சாப்டியா?"

"சாப்பிட்டேங்க."

"என்ன சாப்பிட்ட?"

"கெண்டை மீனு."

அவர் பதறிப்போனார். "கெண்டையா? நான் பக்கத்துல இல்லாமயா? யாரு முள்ளு எடுத்துக் குடுத்தா?"

தேனம்மை அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரலில் இன்னும் மீன் வாசம் இருந்தது.

"பந்திக்காரர் எடுத்துக் குடுத்தாக."

"பார்த்து எடுத்தாரா?"

"ஒரு முள்ளு இல்ல."

"அப்ப நல்ல மனுஷன்தான்" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். கேட் திறந்து ஆட்டோ நகர்ந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த தேனம்மை அப்போதுதான் அழுதாள்.